நட்டமாக நிறுத்திய லேத்

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார். "வேலையை விட்டா உங்களுக்கு வேற ஹாபி எதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை பட்டறை லீவு. ஓரமா ஒரு பழைய லேத் கெடக்குதுங்க. அன்னிக்கு அதைப் பிரிச்சு மாட்டுவனுங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கணபதி என்கிற பகுதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. பம்புக்கு வேண்டிய ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். முப்பது வருடமாக ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சத்தம் போட்டே வாழ்ந்திருக்கிறேன். அந்தப் புத்தி பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சுவரில் படம் சாய்ந்திருந்தால், கை கழுவப் போகிற வழியில் அதை நேராக்கிவிட்டுத்தான் போவேன். தட்டில் தோசை விழுந்ததும் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "திங்கறதுக்குத்தானுங்க சுட்டிருக்கறேன். இன்ஸ்பெக்சனுக்கு இல்லீங்க."

நடைப்பயிற்சியை ஏற்கெனவே முயன்று தோற்றிருந்தேன். எங்கள் பகுதியில் காலையில் நடந்தால் நாலு வீட்டுக்கு ஒரு பட்டறை. ஒவ்வொன்றின் வாசலிலும் யாராவது பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கவலையாக நிற்பார்கள். நானும் போய்க் கவலைப்படுவேன். ஒரு மணி நேரத்தில் இருநூறு அடி நடந்து, கிரீஸ் படிந்த கையோடு வீடு திரும்புவேன்.

டாக்டரிடமிருந்து வரும்போது காரில் என் மனைவி போனை நோண்டிக்கொண்டே வந்தாள். சிக்னலில் நின்றபோது சொன்னாள்.

"ஏனுங்க, நாம ரெண்டு பேரும் கிளாஸ்ல சேந்தாச்சுங்க."

"எதுல?"

"மண்ணுல."

வடவள்ளியில் ஒரு வீட்டின் பின்னால் ஷெட் போட்டு, களிமண்ணில் பானை, கிண்ணம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களாம். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. அவளுக்கு ரொம்ப நாளாகவே ஆசை இருந்திருக்கிறது. இருபத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது. "சொல்லவே இல்லையே" என்றேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

*

டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தலைமுடியை ஒரு பென்சில் குத்திக் கொண்டையாகப் போட்டிருந்தார். முழங்கை வரைக்கும் மண். ஷெட்டில் ஆறு சக்கரங்கள், எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. எங்களைத் தவிர, பல் டாக்டர் ஒருவரும் சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். பல் டாக்டர் அதிகம் பேசாதவர். அந்தப் பெண் அதிகம் பேசுகிறவள்.

சக்கரத்தைப் பார்த்ததுமே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. காலால் அமுக்கினால் சுற்றுகிறது. வேகம் கூட்டலாம், குறைக்கலாம். நடுவில் ஜாபை, அதாவது கடைய வேண்டிய பொருளை, வைத்து உருவத்தை எடுக்க வேண்டும்.

"டீச்சர், இது லேத்தை நட்டமா நிக்க வெச்சதுதானுங்க. நான் முப்பது வருசமா லேத் ஓட்டறவன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"அப்ப உங்களுக்கு ஈஸியா வந்துரும் அங்கிள்" என்றார்.

மண் உருண்டையைச் சக்கரத்தில் அறைந்து உட்கார வைக்கச் சொன்னார். வைத்தேன். கையை நனைத்து இரண்டு பக்கமும் அணைத்து, உருண்டையை ஆடாமல் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அதற்கு அவர்கள் பாஷையிலும் சென்டர் செய்வது என்றுதான் பெயர். எனக்குத் தெரியாத சென்டரா? நன்றாக அமுக்கிப் பிடித்து, வேகத்தையும் கூட்டினேன்.

லேத்தில் ஜாபைப் பிடிப்பதற்கு இரும்புத் தாடைகள் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை என்பது அப்போது என் நினைவில் இல்லை. உருண்டை இரண்டு முறை ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் சக்கரத்தை விட்டுக் கிளம்பி, எதிரே இருந்த பல் டாக்டரின் நெஞ்சில் போய் ஒட்டியது. அவர் அதைப் பிய்த்து எடுத்து, மறுபடி உருட்டி, என்னிடமே நீட்டினார். 

அந்தச் சமயத்தில் சாஃப்ட்வேர் பெண் "ஐயோ ஆன்ட்டி, சூப்பர்!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். என் மனைவியின் சக்கரத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. வாய் அகன்று, அடி ஒடுங்கி, கடையில் வாங்கிக் கொண்டுவந்து வைத்தது மாதிரி.

"எப்படி ஆன்ட்டி?"

"சப்பாத்தி மாவு மாதிரித்தான் கண்ணு இருக்குது. எங்க இழுக்குதோ அங்கயே கூடப் போயி, மெதுவா நம்ம பக்கம் திருப்பிக்கோணும்."

எங்கள் கல்யாண வாழ்க்கையை அவள் விளக்குகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த சனிக்கிழமை நான் வெறுங்கையோடு போகவில்லை. நுணுக்கமாக அளக்கிற வெர்னியரும், சுற்றுகிற பொருளில் ஆட்டம் எவ்வளவு என்று காட்டும் டயலும், அதை நிறுத்துகிற ஸ்டாண்டும் ஒரு பையில் வைத்துக் கொண்டுபோனேன். எல்லாரும் வருவதற்குள் என் சக்கரத்தில் டயலை மாட்டிப் பார்த்துவிட்டேன்.

"டீச்சர், இங்க வாங்க. நூத்துல நாலு ஆட்டம் இருக்குதுங்க. இதுல எப்படிங்க மண்ணு நிக்கும்?"

டீச்சர் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு உருண்டையைப் போட்டு, சாஃப்ட்வேர் பெண்ணோடு பேசிக்கொண்டே ஒரு டம்ளரை இழுத்து நிறுத்திவிட்டு எழுந்தார்.

"அங்கிள், கோளாறு சக்கரத்துல இல்லீங்க."

"பின்ன எதுலீங்க?"

"நீங்க மூச்சே விடமாட்டேங்கறீங்க. மண்ணுல கை வெச்சதும் மூச்சைப் புடிச்சுக்கறீங்க. தோள் ரெண்டும் காதுகிட்டப் போயிருது. கை நடுங்குது. மண்ணும் நடுங்குது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மூச்சு விடுவதை ஐம்பத்துநாலு வயதில் ஒருவர் கற்றுக்கொடுத்தால் யாருக்குத்தான் வராது? எனக்கு வேண்டியது தனியாகப் பழக ஓர் இடம், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். பட்டறையில் அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. மூன்று நாளில் நானே ஒரு சக்கரம் செய்தேன். ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. டயல் முள் செத்தது மாதிரி அசையாமல் நின்றது.

இருபது வருடமாக என்னிடம் லேத்தில் வேலை பார்க்கும் டர்னர் ஒருவர் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நான் மண்ணைப் பிசைவதைச் சித்தே நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்ணா, இது என்ன மெட்டீரியலுங்க?"

"மண்ணுப்பா."

"ட்ராயிங் வந்துருச்சுங்களா?"

"ட்ராயிங் எல்லாம் இல்ல. சும்மா கிண்ணம்."

"சும்மாங்களா" என்று கேட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். அனுபவசாலி.

சக்கரத்தின் வேகத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். சுவிட்சைப் போட்ட அதே நேரத்தில், பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து எங்கள் ஷாஃப்டுகளைச் சோதிக்க வரும் அதிகாரி உள்ளே வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். பட்டறைக்கு வந்தும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் திரும்புவதில் அவருக்குப் பெருமை.

மண் உருண்டையாகப் போகவில்லை. குழம்பாகப் போனது. சுவரில், டியூப் லைட்டில், ஃபேனில், சாமி படத்தின் கண்ணாடியில், கடைசியாக வெள்ளைச் சட்டையில். நான் சுவிட்சைத் தேடித் தடவிக்கொண்டிருந்தேன், கண்ணுக்குள் மண் போய்விட்டதால். டர்னர்தான் நிதானமாக மெயினை அணைத்தார். அமைதியானதும் அதிகாரி கேட்டார்.

"என்னங்க இது?"

நான் வாயைத் துடைப்பதற்குள் டர்னர் பதில் சொல்லிவிட்டார். "ஹாபிங்க சார். டாக்டர் சொல்லியிருக்கறாருங்க."

*

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அழுத்தம் கூடியிருந்தது. அவர் பட்டையைத் திரும்பச் சுற்றிப் பார்த்தார். அப்போதும் அதேதான்.

"ஹாபி எதாச்சும் ஆரம்பிச்சீங்களா?"

"பானை செய்யப் போறமுங்க" என்றாள் என் மனைவி.

"நல்லதாச்சே. அதுல கொறையத்தானே வேணும்?"

"எனக்கு நல்லா வருதுங்க டாக்டர். அதனால இவருக்கு ஏறுதுங்க."

உண்மையை மறைத்துப் பயனில்லை. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் அவள் செய்த கிண்ணம், குவளை, தட்டு என்று வரிசையாக நின்றன. வருகிற ஒறம்பறை, சொந்தபந்தம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊட்டுக்காரரும் போறாராமே, அவரு செஞ்சது எங்கீங்க?" என்று கேட்டார்கள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். "அவரு பெருசா ஒண்ணு செஞ்சிட்டிருக்கறாருங்க" என்பாள். அவள் சொல்லிவிட்டாளே என்பதற்காக நான் பெரிதாக ஒன்று செய்ய வேண்டியதாயிற்று.

அதில்தான் வந்தது வினை.

பவானியில் என் கொழுந்தியாள் வீடு கட்டி முடித்திருந்தார். புகுமனைக்குக் கொடுப்பதற்காக என் மனைவி மூடி போட்ட ஜாடி ஒன்று செய்தாள். வயிறு உருண்டு, கழுத்து நீண்டு, மூடியின் மேல் ஒரு சின்ன வேப்பம்பழம் அளவுக்குக் குமிழ். நான்கு வாரம் அதையே செய்தாள். நான் ஒரு பூச்சாடி செய்தேன். சக்கரத்தில் நிற்காது என்று தெரிந்துவிட்டதால் கையாலேயே அப்பி அப்பி உயர்த்தினேன். உடைந்துவிடக் கூடாது என்று சுவரைக் கொஞ்சம் கனமாகவே வைத்தேன். கொஞ்சம் என்றால், என் கட்டைவிரல் கனம். அடியில் இரண்டு விரல்.

சூளையில் வைப்பதற்கு முந்தின நாள் டீச்சர் போனில் கேட்டார். "அங்கிள், உங்க பீஸ் ரொம்பத் திக்கா இருந்துச்சே. உள்ள நல்லாக் காஞ்சிருச்சுங்களா? ஈரம் இருந்தா இந்தத் தடவை வேண்டாம், அடுத்த சூளைல வெச்சுக்கலாம்."

அடுத்த சூளை மூன்று வாரம் கழித்து. என் மனைவியின் ஜாடி இந்த வாரம் வெந்து வந்துவிடும். நான் பூச்சாடியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், சூடான காற்றடிக்கும் பிளோயரை அரை மணி நேரம் காட்டினேன். வெளியே வெள்ளை வெளேரென்று ஆனது. தட்டிப் பார்த்தேன். எனக்கு வேண்டிய சத்தமே கேட்டது.

"காஞ்சுருச்சுங்க டீச்சர். எலும்பு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் டீச்சரின் போன் என் மனைவிக்கு வந்தது. அவள் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாங்கள் போனபோது மின்சாரச் சூளை திறந்திருந்தது. பல் டாக்டரும் சாஃப்ட்வேர் பெண்ணும் முன்னாலேயே வந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். என் பூச்சாடி இருந்த இடத்தில் பூச்சாடி இல்லை. அது எல்லா இடத்திலும் இருந்தது. சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடித்திருக்கிறது. பல் டாக்டரின் ஆறு குவளைகளில் ஐந்து போயின. சாஃப்ட்வேர் பெண் தன் அம்மாவுக்காகச் செய்த விளக்கு இரண்டாகிக் கிடந்தது. என் மனைவியின் ஜாடியில் மூடி மட்டும் முழுசாக இருந்தது, குமிழோடு.

எல்லாரும் காரணத்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர்கூட, "காத்துக் குமிழி எதாச்சும் மாட்டியிருக்கும்" என்று எனக்காக வழி விட்டார். அந்த வழியில் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பட்டறையில் இப்படி ஒரு காரியம் செய்தவனை நான் என்ன பேசியிருப்பேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

"இல்லீங்க. அது காயல. நான்தான் பிளோயர் வெச்சு மேலாப்புல காய வெச்சு, காஞ்சுருச்சுன்னு சொல்லிப்போட்டேன். தப்பு என்னுதுங்க. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்."

"பரவாயில்லீங்க, ஒண்ணும் இல்ல" என்றார் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கு முன் அவர் இதே குரலில்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை குறையாது, கூடும். அன்று ராத்திரி என் மனைவி, "சாப்புட வாரீங்களாங்க?" என்றாள். "கொழம்பு போதுமுங்களாங்க?" என்றாள். இரட்டை 'ங்க'. மூன்று நாள் அப்படியே போனது. நாலாவது நாள் காலையில் தோசை கொஞ்சம் கோணலாக வந்தது. நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தின்றேன்.

*

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனால் போகாமல் விட்டால் அது இன்னும் பெரிய பயந்தாங்கொள்ளித்தனம். போய், டீச்சரிடம் சொன்னேன்.

"டீச்சர், ஒரு மாசத்துக்கு எனக்குச் சக்கரம் வேண்டாமுங்க. இவங்கெல்லாம் செஞ்சதைத் திரும்பச் செய்யோணும். இவங்களுக்கு வேண்டிய மண்ணு பூராம் நானே பிசைஞ்சு தாரனுங்க."

களிமண் பிசைவது சாதாரண வேலை இல்லை. உள்ளே காற்று இல்லாமல், கட்டி இல்லாமல், எங்கே தொட்டாலும் ஒரே பதமாக இருக்கும் வரைக்கும் அமுக்கித் திருப்பி, அமுக்கித் திருப்பிப் போக வேண்டும். முதல் வாரம் தோள்பட்டை கழன்றுவிட்டது. இரண்டாவது வாரம், இது யாருடைய மண் என்று கை கண்டுகொள்ள ஆரம்பித்தது. பல் டாக்டருக்குக் கெட்டியாக வேண்டும். சாஃப்ட்வேர் பெண்ணுக்கு இளக்கமாக. என் மனைவிக்கு இரண்டுக்கும் நடுவில். அளந்து பார்க்க ஒரு கருவியும் கிடையாது. பிசைந்துகொண்டிருக்கும்போது பட்டறை ஞாபகம் வராததை நான் மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

நாலாவது வாரம் என் மனைவிக்கு மணிக்கட்டில் வலி. ஜாடிக்கு மண்ணைச் சக்கரத்தில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"சித்த நீங்க புடிங்க. நடுவுல நிறுத்தி மட்டும் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"நானா?"

"வேற யாரு? வெடிக்க வெச்சது யாரு?"

உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, நான்கு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். "தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்றதுங்க? ஜாடி தாரேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். அவ அலமாரியில எடம் ஒதுக்கி வெச்சுட்டா. அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்கன்னு கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன். கல்யாணத்தன்னிக்கே தாலி கட்டறதுக்கு முன்னால வாட்சைப் பாத்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"அது முகூர்த்தம் முடியப் போகுதுன்னு பாத்தது, அம்மணி."

"முகூர்த்தத்தைப் பாக்கறதுக்கு ஐயரு இருக்கறாரு. உங்களுக்கென்ன?"

நான் அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். என் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க. கீழ பாருங்க."

பார்த்தேன். மண் நின்றிருந்தது. சக்கரம் சுற்றுகிறது, மண் சுற்றுவதே தெரியவில்லை. என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அது ஒரு துளி அசைவில்லாமல் இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டே மூச்சு விட்டிருக்கிறேன்.

பார்த்ததும் பழையபடி மூச்சைப் பிடித்துவிட்டேன். மண் ஒரு ஆட்டம் ஆடியது. "திட்டுங்க ஆன்ட்டி, திட்டுங்க! நிறுத்தாதீங்க!" என்று டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திட்ட முயன்றாள். பல் டாக்டர்கூடச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு நல்ல பல்வரிசை என்று அன்றுதான் பார்த்தேன்.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பெரிய கலைஞன் ஆகிவிடவில்லை. என் கிண்ணங்கள் கிண்ணம் என்று அடையாளம் தெரிகிற நிலைக்கு வந்தன. பட்டறையில் ஒரு காலை, டர்னர் ஒரு ஷாஃப்டை அளவுக்குக் கீழே கடைந்துவிட்டார். அவருக்கு அப்படி நடந்ததே இல்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, திட்டு வாங்குவதற்குத் தோதாக நின்றார். நான் வாங்கிப் பார்த்தேன். "போகுது போ. இதாவது வெடிக்காம இருக்குதே" என்று சொல்லிவிட்டு, வேறு துண்டு எடுத்துப் போடச் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் என் மனைவியிடமிருந்து போன்.

"உங்களுக்கு என்னங்க பண்ணுது? நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன். ஏன்?"

"டர்னர் கூப்புட்டாருங்க. அண்ணன் சத்தமே போடல, சிரிக்கறாரு, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருங்கன்னு சொல்றாரு."

டாக்டரிடம் போனோம்தான், ஆனால் வழக்கமான தேதியில். அழுத்தம் இறங்கியிருந்தது. போன முறை மாற்றிக் கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

பவானிக்குப் புகுமனை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் போக முடிந்தது. இரண்டாவது ஜாடி முதல் ஜாடியைவிட நன்றாக வந்திருந்தது என்பது என் கருத்து. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது என் மனைவியின் கருத்து. கூடவே நான் செய்த ஒரு கிண்ணத்தையும் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டோம். கொழுந்தியாள் ஜாடியை நடு ஹாலில் வைத்தார். என் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் நல்லா இருக்குதுங்க மச்சான். வெயிட்டா இருக்குது" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்.

சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனேன். வேப்ப மரத்தடியில் அவர்கள் நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. என் கிண்ணத்தில்.

கொழுந்தியாளின் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். "ஐயோ, யாரு இதை இங்க வெச்சது? மன்னிச்சுக்கோங்க சகலை, எதோ தெரியாம..."

"இருங்க இருங்க" என்றேன்.

அந்த நாய்க்கு ஒரு பழக்கமாம். குடித்து முடித்ததும் பாத்திரத்தைக் காலால் தள்ளிக் கவிழ்த்துவிடும். பிளாஸ்டிக், எவர்சில்வர், அலுமினியம் எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்றாம். இப்போதும் குடித்து முடித்தது. முன்னங்காலை விளிம்பில் வைத்துத் தள்ளியது. கிண்ணம் நகரவில்லை. அந்தப் பக்கம் போய்த் தள்ளியது. நகரவில்லை. மூக்கால் முட்டிப் பார்த்தது. பிறகு கிண்ணத்தைச் சுற்றி ஒரு தரம் வந்து, தோற்றதை ஒப்புக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

நான் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது வழி நெடுக ஒரே பேச்சு. நீலம் பூசினால் நன்றாக இருக்குமா, தேன் நிறமா என்று. அதற்கு முன் எங்கள் கார்ப் பயணத்தில் மகளின் வேலை, வீட்டு டேங்க், யார் வீட்டுக் கல்யாணம், இவை மூன்றும் தீர்ந்தால் ரேடியோதான். அன்று ரேடியோவைப் போட மறந்தே போனோம். நீலம் என்பது அவள் கட்சி. தேன் நிறம் என் கட்சி. அவிநாசி தாண்டியும் முடிவு வரவில்லை.

"சரி, அதை விடுங்க. வாற சனிக்கெழமை நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல அம்மணி. உக்காந்து மண்ணுல கைய வெச்சுத்தான் பாக்கோணும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கருமத்தம்பட்டியில் காப்பி குடிக்கலாம் என்றாள். வண்டியை ஓரங்கட்டினேன்.